மத்தூரில் கேட்ட மொழிகள்

வியாழன், பெங்களூரு

சமஸ்கிருதத்தை மறுபடி எல்லாரும் வீட்டில் பேசும் மொழியாக்க முடியுமா என்று நம்மூரில் கேட்டுப் பாருங்கள், இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். 'முடியும், ஆக்கியே தீரணும்' என்று ஒன்று. 'செத்த மொழிக்கு எதுக்கு இவ்வளவு செலவு' என்று இன்னொன்று. இரண்டு கட்சிக்காரர்களிலும் பெரும்பாலானவர்கள் அந்த மொழியில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்டு வாங்கியிருக்க மாட்டார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். பிளஸ் டூவில் மார்க்குக்காக சமஸ்கிருதம் எடுத்து, 'ராமஹ ராமௌ ராமாஹா' என்று உருப்போட்டு, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்தவன். கர்நாடகத்தில் சிவமொக்கா பக்கம் மத்தூர் என்று ஓர் ஊர், 'சமஸ்கிருத கிராமம்' என்று பெயரெடுத்தது. போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். அன்றன்றைக்கு எழுதி அன்றன்றைக்கே போடுகிறேன்.

மத்தூருக்கு முன்னால் பெங்களூருவில் ஒரு வேலை. கிரிநகரில் 'அக்ஷரம்' என்ற கட்டடம், சமஸ்கிருதத்தைப் பேச்சில் பரப்பும் சம்ஸ்க்ருத பாரதி அமைப்பின் இடம். 1981இல் ச.மூ.கிருஷ்ண சாஸ்திரியும் அவருடைய நண்பர்களும் இந்த ஊரில்தான் 'சமஸ்கிருதத்தில் பேசுவோம்' என்று இயக்கம் தொடங்கினார்கள். அவருக்கு 2017இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இவர்கள் நம்புவது பத்து நாள் முகாமை. இலக்கணப் புத்தகத்தைத் திறப்பதில்லை. ஆசிரியர் உள்ளே வந்ததிலிருந்து சமஸ்கிருதம் மட்டும்தான் பேசுவார். பேனாவைத் தூக்கிக் காட்டி 'லேகனீ', மேலே சுற்றுவதைக் காட்டி 'வ்யஜனம்', மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டி 'உபநேத்ரம்'. கை, கண், முகபாவம் எல்லாம் சேர்ந்து பாடம் நடத்தும்.

அங்கே வாங்கிய சின்னப் புத்தகத்தை ஓட்டல் அறையில் உட்கார்ந்து படித்தேன். கெட்டிக்காரத்தனமான வேலை. நம்மை அழவைத்ததெல்லாம் இதில் சத்தமில்லாமல் ஓரம் கட்டப்பட்டிருக்கிறது. இறந்தகாலத்துக்கு மட்டும் லங், லிட், லுங் என்று மூன்று வாய்பாடு படித்தோமே, அதெல்லாம் வேண்டாம், 'கதவான்' என்று சொல், போனான் என்று ஆகிவிடும். பெண் என்றால் 'கதவதீ', அவ்வளவுதான். எதிரில் இருப்பவரை 'த்வம்' என்று அழைத்தால் வினைக்கு வேறு விகுதி போட வேண்டும். 'பவான்' என்று மரியாதையாக அழைத்துவிட்டால் படர்க்கை விகுதியே போதும். மரியாதையும் ஆச்சு, மனப்பாடமும் மிச்சம். இப்படிச் சுருக்கினாலும் எதுவும் இலக்கணப் பிழை இல்லை, எல்லாம் சமஸ்கிருத இலக்கணம் வகுத்த பாணினி அனுமதித்ததுதான். ஆக, 'சமஸ்கிருதம் கஷ்டமான மொழி, அதனால்தான் பேச்சுக்கு வராது' என்ற வாதம் எடுபடாது. பத்து நாளில் ஒருவரைப் பேசவைக்க இவர்களால் முடிகிறது. பதினோராவது நாள் அவர் யாரிடம் பேசுவார் என்பதுதான் பிரச்சினை.

புத்தகத்தின் பின்பக்கம் ஒரு சொற்பட்டியல். கணினிக்கு சங்கணகம், ஃப்ரிட்ஜுக்கு சீதகம், சோப்புக்கு பேனகம், பற்பசைக்கு தந்தபேனம், செல்போனுக்கு ஜங்கமதூரவாணி. இதைப் பார்த்ததும் பதஞ்சலி நினைவுக்கு வந்தார். யோகா பதஞ்சலி இல்லை, மகாபாஷ்யம் எழுதிய இலக்கணக்காரர், கி.மு. 2ஆம் நூற்றாண்டு. அவர் சொல்வது இது: குடம் வேண்டுமென்றால் குயவர் வீட்டுக்குப் போய், ஒரு குடம் செய்துகொடு, எனக்குக் காரியம் இருக்கிறது என்று கேட்பார்கள். யாரும் இலக்கணக்காரன் வீட்டுக்குப் போய், சொற்கள் செய்துகொடு, நான் பேசப்போகிறேன் என்று கேட்பதில்லை. ஜனங்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், இலக்கணக்காரன் பின்னாலேயே போய்க் குறித்துக்கொள்வான். அவர் காலத்தில் அப்படி. இப்போது குயவர் வீட்டில் குடங்கள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன, வாங்க ஆள் வர வேண்டும்.

வெள்ளி, ரயிலில்

சிவமொக்கா ஜன சதாப்தி. ஜன்னல் சீட். திப்டூர் தாண்டுவதற்குள் இருட்டிவிட்டது. அதுவரை தென்னந்தோப்பு, தென்னந்தோப்பு, மறுபடி தென்னந்தோப்பு. பார்க்க ஒன்றுமில்லை என்பதால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நோண்டிக்கொண்டிருந்தேன்.

சமஸ்கிருதம் தாய்மொழி என்று எழுதிக்கொடுத்தவர்கள் 1971இல் 2,212 பேர். 1981இல் 6,106. 1991இல் திடீரென்று 49,736. 2001இல் 14,135. 2011இல் 24,821. ஒரு தாய்மொழி பத்து வருஷத்தில் எட்டு மடங்காகி, அடுத்த பத்து வருஷத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குமா? எந்த ஊரில் பிள்ளை பிறந்து, எந்த ஊரில் கொள்ளைநோய் வந்தது? கணக்கெடுக்க வந்தவரிடம் இத்தனை பேர் இப்படிச் சொன்னார்கள் என்பதைத் தவிர இந்த எண்கள் வேறெதையும் சொல்லவில்லை. அது பற்று. பற்றைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அடுப்படியில் என்ன மொழி ஓடுகிறது என்பது இதிலிருந்து தெரியாது.

பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் ஒரு விஷயம் சொன்னார். 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் சமஸ்கிருதத்தையே ஆட்சிமொழியாக்கலாம் என்று திருத்தம் வந்தபோது ஆதரித்தவர்களில் அம்பேத்கரும் ஒருவர். எனக்குத் தெரிந்த தகவல்தான், ஆனால் ரயிலில் வடை சாப்பிட்டுக்கொண்டே அதை ஒருவர் சொல்லக் கேட்பது தனி சுகம். யாருக்கும் சொந்தமில்லாத மொழி என்பதால் யாருக்கும் சாதகம் இல்லை என்பது அன்றைய வாதம். அதே காரணம் இன்னொரு பக்கம் வெட்டுகிறது என்று நான் சொன்னேன். யாருக்கும் சொந்தமில்லாததை வீட்டில் பேசப்போவது யார்? அவர் சிரித்துவிட்டு பத்ராவதியில் இறங்கிக்கொண்டார்.

சனி, மத்தூர்

சிவமொக்காவிலிருந்து மத்தூர் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆட்டோக்காரர் தமிழ். அப்பா பத்ராவதி இரும்பு ஆலைக்கு வேலைக்கு வந்தவராம். அந்த ஊரில் நம் ஆட்கள் நிறைய. "சமஸ்கிருத ஊருக்கா சார்? எல்லாரும் ஒரே கேள்விதான் கேப்பாங்க, கடையில என்ன பேசுவாங்கன்னு. கடையில கன்னடம்தான் சார். எனக்கு அங்க தெரிஞ்ச சமஸ்கிருதம் ஒண்ணே ஒண்ணு, தன்யவாதஹ" என்றார்.

துங்கா ஆற்றங்கரை. அக்ரஹார அமைப்பு, நடுவில் கோயிலும் பாடசாலையும், சுற்றி வீடுகள், அதைத் தாண்டினால் கமுகுத் தோப்பு. 1981இல் சம்ஸ்க்ருத பாரதியின் பத்து நாள் முகாம் இங்கே நடந்தது. வந்திருந்த உடுப்பி பேஜாவர் மடத்து சுவாமிகள் ஊர்க்காரர்களின் ஆர்வத்தைப் பார்த்து இதை சமஸ்கிருத கிராமமாகவே ஆக்கலாமே என்று சொன்னதாகச் சொல்கிறார்கள். அதிலிருந்து பிடித்துக்கொண்டது பெயர். வேத அத்தியயனம் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்கே உண்டு. விஜயநகர அரசர் காலத்தில் கொடையாகக் கிடைத்த ஊர் என்பது ஊரார் பேச்சு.

பாடசாலை வாசலில் குடுமி வைத்த பையன் ஒருவன் என்னைப் பார்த்ததும் "குதஹ ஆகதவான்?" என்றான். எங்கிருந்து வருகிறீர்கள். முந்தாநாள் படித்த பாடம் கைகொடுத்தது. "தென்காசீதஹ" என்றேன். அவன் முகத்தில் ஒரு மலர்ச்சி. மேற்கொண்டு மடமடவென்று அவன் பேச, எனக்கு மூன்றில் ஒன்று புரிந்தது. தயக்கமே இல்லை அவனிடம், சொல்லைத் தேடவில்லை, மனப்பாடம் ஒப்பிக்கும் ராகம் இல்லை. வேறு மாநிலத்திலிருந்து படிக்க வந்தவனாம். கன்னடம் இன்னும் சரியாக வரவில்லை, அதனால் ஆசிரியரிடமும் மற்றப் பையன்களிடமும் சமஸ்கிருதத்தில் பேசித்தான் ஆக வேண்டும். இந்த 'ஆக வேண்டும்'தான் முக்கியம். அவனுக்கு சமஸ்கிருதம் தேவை. சோறு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பதைக்கூட அதில்தான் கேட்கிறான். கேரளத்துப் பண்டிதரும் காசிப் பண்டிதரும் சந்தித்தால் வேறு எதில் பேசிக்கொள்வார்கள்? இந்தப் புழக்கம் ஒருநாளும் சாகவில்லை, யாரும் உயிர்கொடுக்கவும் தேவையில்லை.

சில வீட்டுச் சுவர்களில் இந்த வீட்டில் சமஸ்கிருதத்தில் பேசலாம் என்று எழுதியிருந்தது. அப்படி ஒரு வீட்டில் நுழைந்தேன். பெரியவர் பாக்குத் தோப்புக்காரர், திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "காஃபி பிபதி வா?" என்று உபசரித்தார். குடித்தேன், அப்புறம் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். பாக்கு சீசன். கொல்லையில் ஏழெட்டுப் பெண்கள் மணையில் பொருத்திய கத்தி முன்னால் உட்கார்ந்து பச்சைப் பாக்கை உரித்துக்கொண்டிருந்தார்கள். காயைக் கத்தி நுனியில் வைத்து ஒரு அழுத்து, ஒரு திருப்பு, தோல் ஒரு பக்கம் விழும், கொட்டை கூடைக்குப் போகும். கண் இதில் இல்லவே இல்லை, பேச்சில்தான். உரித்ததை ஒரு பெரிய செப்பு அண்டாவில் வேகவைக்கிறார்கள். போன தடவை வேகவைத்து எடுத்து வைத்த சாறு, 'சொகரு' என்கிறார்கள், அதையும் ஊற்றுகிறார்கள். பாக்கு ரத்தச் சிவப்பாக வருகிறது. தட்டியில் காயப்போட்டிருந்த பாக்கைக் கையில் எடுத்தேன், விரலெல்லாம் சாயம்.

பெரியவரோடு அந்தக் கொல்லையில் ஒரு மணி நேரம் இருந்திருப்பேன். அந்த நேரத்தில் காதில் விழுந்ததைச் சொல்கிறேன். என்னிடம் சமஸ்கிருதம், நிதானமாக, எனக்குப் புரியும்படி. பெண்களிடம் கன்னடம், கூலி பற்றியும் மழை பற்றியும், கொஞ்சம் அதட்டலும் கொஞ்சம் கிண்டலுமாக. நடுவில் வீடியோவில் வெளிநாட்டுப் பேரன் வந்தான், அவனிடம் ஆங்கிலம். இதெல்லாம் முடிந்து வீட்டுப்பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டு என்னவோ கேட்டார். அங்கிருந்து அந்தம்மா சுள்ளென்று ஒரு பதில் கொடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாதிக்கு மேல் தமிழ்!

அது சங்கேதி. மத்தூர் பிராமணர்கள் சங்கேதிகள். சில நூற்றாண்டுகளுக்கு முன் நாச்சாரம்மா என்ற பெண்மணியின் பின்னால் செங்கோட்டைப் பக்கத்திலிருந்து புறப்பட்டு வந்த குடும்பங்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. வீட்டில் அவர்கள் பேசுவது தமிழ் வேரில் கன்னடமும் மலையாளமும் கலந்த ஒரு பேச்சு. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரில் இருந்த ஊர், மலைக்கு அந்தப்பக்கம் ஆரியங்காவு. மலையாள வாடை இருப்பதில் ஆச்சரியமில்லை. தென்காசிக்காரனான எனக்கு அது பக்கத்து ஊர். நான் தமிழில் பேச, அவர் சங்கேதியில் பேச, சமஸ்கிருதத்தில் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த உரையாடல் குடுகுடுவென்று ஓட ஆரம்பித்தது. செங்கோட்டையைப் பற்றி உருக்கமாக ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். உங்கள் பக்கம் தேங்காய் என்ன விலை போகிறது என்று கேட்டார்.

கிளம்பும்போது பாக்கு உரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் ஆட்டோக்காரரை விட்டுக் கேட்கச் சொன்னேன், உங்களுக்கு சமஸ்கிருதம் வருமா என்று. "எனக்கெதுக்கு? பொண்ணு படிக்கிறா, நல்லா மார்க் வாங்குறா" என்றார்.  கர்நாடகத்தில் பத்தாம் வகுப்பில் மார்க்குக்காக முதல் மொழியாக சமஸ்கிருதம் எடுப்பவர்கள் ஊரெல்லாம் உண்டு, இந்த ஊரில் என்றில்லை. ஆக, நானும் அந்தப் பெண்ணும் ஒரே வழியில்தான் சமஸ்கிருதத்துக்கு வந்திருக்கிறோம்.

சமஸ்கிருத கிராமம் என்றால் ஊர் முழுக்க என்று அர்த்தமில்லை. அக்ரஹாரம் ஒரு மொழி, கொல்லை ஒரு மொழி. இதில் புதுமையும் இல்லை. காளிதாசனின் சாகுந்தலத்தைப் புரட்டிப் பாருங்கள். துஷ்யந்தன் சமஸ்கிருதம் பேசுவான், சகுந்தலை பிராகிருதம் பேசுவாள், மோதிரம் கிடைத்த மீனவன் இன்னொரு பிராகிருதம் பேசுவான். ராஜாவும் ராணியும் காதலிக்கும்போதே ஆளுக்கொரு மொழி. இது நாடக வழக்குதான், அப்படியே வாழ்க்கை என்று சொல்ல முடியாது. ஆனாலும் பார்க்க வந்தவர்களுக்கு அது விசித்திரமாகப் படவில்லை. 'அந்தக் காலத்தில் எல்லாரும் பேசினார்கள், மறுபடி பேசவைப்போம்' என்பவர்கள் இந்த மீனவனிடம் கொஞ்சம் கேட்டுக்கொள்ளலாம்.

ஞாயிறு, ஹொசஹள்ளி

ஆற்றுக்கு அந்தக் கரை. மத்தூரின் ஜோடி ஊர், இங்கேயும் சங்கேதிகள்தான். காலையில் சுடச்சுட அக்கி ரொட்டி, தொட்டுக்கொள்ள தேங்காய்ச் சட்னி. இதற்காகவே இன்னொரு தடவை வரலாம்.

திடலில் பசங்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ரெண்டு பேர் நேற்று மத்தூரில் என்னிடம் சமஸ்கிருதத்தில் வணக்கம் சொன்னவர்கள். மரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். எதில் கத்துகிறார்கள் என்று கேட்கத்தான், ஆட்டம் பார்க்க இல்லை. ஒரு ரன் அவுட்டில் சண்டை வந்தது. பந்து போட்டவன், அடித்தவன், நடுவராக நின்ற குட்டிப்பையன், மூன்று பேரும் ஒரே நேரத்தில் கன்னடத்தில் கத்தினார்கள். நோ பால், அவுட் எல்லாம் ஆங்கிலம். சமஸ்கிருதம் ஒரு சொல்கூட இல்லை. சங்கேதியும் இல்லை என்பதைக் கவனித்தபோதுதான் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. வீட்டில் பெரியவர்கள் சங்கேதியில் கேட்டால் பிள்ளைகள் கன்னடத்தில் பதில் சொல்கிறார்கள் என்று பிறகு ஒரு பாட்டி சொன்னார். தனி எழுத்து இல்லாத மொழி. எழுத நேர்ந்தால் கன்னட எழுத்தில் எழுதிக்கொள்கிறார்கள். அதற்கு ஒரு முகாம் உண்டா, செய்தி அறிக்கை உண்டா, பல்கலைக்கழகம் உண்டா? ஒன்றும் கிடையாது. சமஸ்கிருதத்துக்காக 2020இல் ஒரே சட்டத்தில் மூன்று மத்தியப் பல்கலைக்கழகங்கள் வந்தன. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவ்வளவு நூல்கள் உள்ள மொழிக்குப் பல்கலைக்கழகம் வேண்டும்தான். ஆனால் தாய்ப்பாலோடு வரும் மொழி ஒன்று கண்ணெதிரில் மெலிந்துகொண்டிருக்கும் ஊரில், தாய்ப்பாலோடு வராத மொழியின் பெயரைச் சொல்லித்தான் நாம் எல்லாரும் பார்க்க வருகிறோம். என்னையும் சேர்த்துத்தான்.

சாயங்காலம் ஒரு கூடத்தில் கமகம். ஹொசஹள்ளிக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த கலை இது. ஒருவர் குமாரவியாச பாரதத்தைப் பாடுவார், பக்கத்தில் இருப்பவர் பொருள் விரிப்பார். மேளம், பக்கவாத்தியம் என்று எதுவும் இல்லாமல் பாட்டும் பேச்சும் மாறி மாறி வரும். இந்த ஊர் எச்.ஆர்.கேசவமூர்த்திக்கு இதற்காகத்தான் 2022இல் பத்மஸ்ரீ. லண்டன் பாரதிய வித்யா பவனை நெடுங்காலம் நடத்திய மத்தூர் கிருஷ்ணமூர்த்தியும் கமகத்தில் பெரிய பெயர். பாடுவது சமஸ்கிருதம் இல்லை, கன்னடக் காவியம். பீமன் ஏதோ சொன்ன இடத்தில் கூடமே குலுங்கிச் சிரித்தது, பின்வரிசையில் நின்றிருந்த தோப்புக் காவல்காரர் உட்பட. எனக்குப் புரியாமல் நானும் சிரித்தேன். மத்தூரில் நேற்று முழுக்க சமஸ்கிருதத்தில் எத்தனையோ நல்ல பேச்சு கேட்டேன், மரியாதையான பேச்சு, சுத்தமான பேச்சு. அதில் யாரும் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

திங்கள், மைசூரு

ரயில் அரசீகெரே, ஹாசன் வழியாக மைசூருவுக்கு வந்து சேர்ந்தது. வந்த காரணம் ஒரு நாளிதழ். 'சுதர்மா', சமஸ்கிருத தினசரி. 1970 ஜூலையில் வரதராஜ ஐயங்கார் தொடங்கியது. அவருக்குப் பிறகு மகன் சம்பத்குமாரும் மருமகள் ஜெயலட்சுமியும் எடுத்து நடத்தினார்கள். 2020இல் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவித்தார்கள், அடுத்த ஆண்டு ஜூனில் சம்பத்குமார் காலமானார். பெட்டிக்கடையில் தொங்கும் பேப்பர் இல்லை இது, பெரும்பாலும் தபாலில் வாசகர்களுக்குப் போகிறது. நாளிதழை மறுநாளோ அதற்கு மறுநாளோ படிக்கும் வாசகர்கள். அவர்களுக்குச் செய்தி ஏற்கெனவே வேறு மொழியில் தெரியும். இதை வாங்குவது சமஸ்கிருதத்துக்காக. சிறு வயதில் காலையில் வானொலியில் 'இயம் ஆகாசவாணி' என்று ஐந்து நிமிடச் செய்தி வரும், 1974இலிருந்து வருகிறது. எங்கள் வீட்டில் அது பல் விளக்க எழுந்திருக்க வேண்டிய நேரம் என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். யாரும் செய்தி தெரிந்துகொள்ள அதைக் கேட்டதில்லை. அப்படியிருந்தும் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரு தாள் நிற்காமல் வருவது சாதாரண விஷயமா? நம்மூரில் எத்தனை சிற்றிதழ்கள் மூன்றாவது இதழைத் தாண்டியிருக்கின்றன?

சமஸ்கிருதம் பேசவைப்பவர்கள் எல்லாரும் கடைசியில் கொண்டுவந்து நிறுத்தும் உதாரணம் ஹீப்ரு, வீட்டில் பேச்சு நின்றுபோய் மறுபடி வீட்டுமொழியான யூதர்களின் மொழி. ஒத்துப்பார்க்க வேண்டிய உதாரணம்தான். அதைப் பேசவைக்கக் கிளம்பிய எலியேசர் பென் யெஹுதா 1881இல் ஜெருசலேம் வந்தார், சரியாக சம்ஸ்க்ருத பாரதிக்கு நூறு வருஷம் முன்னால். அடுத்த வருஷம் பிறந்த மகனை ஹீப்ரு தவிர வேறு மொழி காதில் விழாமல் வளர்த்தார். பிள்ளைக்கு விளையாட்டுத் துணை கிடையாது, வேற்றுமொழிக்காரர் வந்தால் உள்ளே அனுப்பிவிடுவார். கொடுமை என்று நாம் சொல்வோம். ஆனால் அவர் ஒருவருடைய பிடிவாதம் மட்டும் வேலை செய்திருக்காது. அங்கே குடியேறிக்கொண்டிருந்த யூதர்கள் ஒருவர் யித்திஷ் பேசுவார், ஒருவர் லடீனோ, ஒருவர் அரபு. கீரை வாங்கவே பொதுமொழி இல்லை. பென் யெஹுதாவுக்கு முன்பே ஜெருசலேம் சந்தையில் இவர்கள் தங்களுக்குள் அரைகுறை ஹீப்ருவில்தான் பேரம் பேசினார்கள். பிறகு பள்ளிக்கூடங்கள் ஹீப்ருவில் வந்தன. 1913இல் ஹைஃபா தொழில்நுட்பக் கல்லூரியில் ஜெர்மன் மொழியில் பாடம் என்றதும் ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவுக்கு வந்தார்கள். 1922இல் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் ஆட்சிமொழிகளில் ஒன்றானது. மத்தூர்ப் பாடசாலைப் பையனுக்கு இருக்கும் 'ஆக வேண்டும்' அங்கே ஒரு நாட்டுக்கே இருந்தது.

நம் பக்கம் அந்தத் தேவை எங்கே? பாக்குத் தோப்புப் பெரியவரிடம் நான்கு மொழி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஆள் இருக்கிறது, வேலை இருக்கிறது. சண்டைக்கு சங்கேதி, கூலிக்குக் கன்னடம், பேரனுக்கு ஆங்கிலம், விருந்தாளிக்கும் வேதத்துக்கும் சமஸ்கிருதம். இதில் சமஸ்கிருதம் வீட்டுமொழியாக வேண்டுமென்றால் மற்ற மூன்றில் ஏதாவது ஒன்றின் வேலையைப் பறிக்க வேண்டும். பறிபோவது எதுவாக இருக்கும் என்பது கிரிக்கெட் திடலிலேயே தெரிந்துவிட்டது. அதற்கு நான் கைதட்ட மாட்டேன். அதற்காக பத்து நாள் முகாமைக் கேலி செய்யவும் மாட்டேன். இரண்டாவது மொழியாக, படித்தவர்கள் கூடிப் பேசும் மொழியாக, யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் மொழியாக அது நன்றாகவே நடக்கிறது. அந்தப் பாக்கு உரிக்கும் அம்மாவின் பெண் மார்க்குக்காகப் படித்து, அப்புறம் பிடித்துப்போய் பேசவும் ஆரம்பித்தால் அது நல்ல காரியம். தாய்மொழி என்ற நாற்காலி மட்டும் காலியாக இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். சிவமொக்காவில் தங்கிக்கொள்ளுங்கள், மத்தூருக்கு ஆட்டோவில் போகவர சேர்த்துப் பேசி ஏறுங்கள். பாக்கு உரிப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் மழை ஓய்ந்த பிறகு போக வேண்டும். பாடசாலையில் வகுப்பு நடக்கும்போது செல்போனைத் தூக்கிக்கொண்டு நுழையாதீர்கள், அவர்கள் காட்சிப்பொருள் இல்லை. எந்த வீட்டுக்குள் போனாலும் காபி வரும், வேண்டாம் என்று சொல்லி ஜெயிக்க முடியாது. சமஸ்கிருதம் தெரியாவிட்டால் பரவாயில்லை, தமிழில் மெதுவாகப் பேசிப் பாருங்கள், அதிலும் பாட்டிமார்களிடம். சங்கேதி இன்னும் நிறையக் கேட்க வேண்டும் என்றால் ஹாசன் மாவட்டத்தில் ருத்ரபட்டணம் இருக்கிறது, பாடகர் ஆர்.கே.ஸ்ரீகண்டனின் ஊர், வீட்டுக்கு வீடு சங்கீதம் என்பார்கள். எனக்கு இந்தத் தடவை லீவு போதவில்லை.